தோடந்தோலும் சீனியும்

ஒரு சொல் எந்த வாசலால் வீட்டினுள் நுழைந்தது என்று விசாரிப்பது மொழியியலை ஒரு பாடமாகக் கற்கும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரு நோயாகவே ஆகிவிட்டது. விடுதி மேசையில் பாணும் பருப்பும் வந்தவுடன், பாண் போர்த்துக்கேயச் சொல், மேசையும் போர்த்துக்கேயச் சொல் என்று யாரேனும் ஒருவர் தொடங்கிவிடுவார். குசினி, தாச்சி, அலுமாரி, யன்னல் எனப் பட்டியல் நீளும். அப்பட்டியலில் சேரவேண்டிய இன்னொரு சொல் எங்கள் வீட்டில் நாள்தோறும் வழங்குவது. அது மாமலேட்.

ஆங்கிலேயர் காலை உணவின்போது பாணுக்குப் பூசும் தோடம்பழப் பாகு அது என்பதை நண்பர் பலரும் அறிவர். கடைப் போத்தலிற் கண்டிருப்பர். ஆயின், தேயிலைத் தோட்டத்து லயமொன்றின் குசினியில், விறகடுப்பில், அது காய்ச்சப்படுகின்றது என்று கூறினால் நம்பத் தயங்குவர். என் தாய்வழிப் பாட்டனார் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் பங்களாவில் ‘அப்பு’வாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். பதினைந்து வயதிற் குசினிப் பையனாகப் பாத்திரம் கழுவப் புகுந்தவர். பெரிய அப்பு ஓய்ந்தபின் அவ்விடத்துக்கு உயர்ந்தவர். துரையும் துரைசாணியும் விரும்பிய பண்டங்களை அவர் கற்றது புத்தகம் பார்த்தன்று. அவருக்கு எழுத்து வாசனை இல்லை.

மாமலேட்டின் பெயர் வரலாறு சுவையானது. போர்த்துக்கேய மொழியில் மார்மெலு என்பது ஆப்பிளுக்கும் பேரிக்கும் உறவான ஒரு பழம். பச்சையாக உண்ண இயலாத அளவுக்குத் துவர்ப்பது. அதன் சதையைச் சீனியிட்டு இறுக்கிய கட்டிப் பண்டமே மார்மெலாடா. அது பெட்டிகளில் இங்கிலாந்துக்குச் சென்றது. காலப்போக்கில் ஆங்கிலேயர் அப்பெயரைத் தோடம்பழப் பாகுக்கு மாற்றிக்கொண்டனர். ஸ்கொட்லாந்தின் டண்டி நகரத்தில், 1797ஆம் ஆண்டளவில், கெயிலர் குடும்பத்தார் இதனை வணிகப் பண்டமாக்கினர். புயலுக்கு ஒதுங்கிய கப்பலிலிருந்து மலிவாக வாங்கிய கசப்புத் தோடைகளை அவ்வீட்டுப் பெண்மணி காய்ச்சியபோதே மாமலேட் பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. அழகான கதைதான், எனினும், அதற்கு நெடுங்காலம் முன்னரே ஆங்கிலச் சமையற் குறிப்புகளில் தோடை மாமலேட் இடம்பெற்றுவிட்டது.

பழத்தின் பெயரோ எதிர்த்திசையிற் பயணம் செய்தது. ஆங்கிலத்து ‘ஒறேஞ்ச்’ என்பதிலிருந்து ஸ்பானிய நரஞ்சா, அரபு நாரஞ், பாரசீக நாரங், வடமொழி நாரங்க எனப் பின்னோக்கிச் செல்வோமாயின், அடியில் எமது நாரத்தையுடன் உறவுடைய ஒரு திராவிடச் சொல் இருத்தல் கூடும் என அறிஞர் கருதுவர். இவ்வாறு மேற்கே சென்ற பழம் ஸ்பெயினில் வேரூன்றிச் செவில் தோடை எனப் பேர் பெற்றது. எந்தத் துறைமுகத்திலும் எவரும் அதனிடம் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே இந்நாட்டுப் பிரசையான பாட்டனாருக்கு இவ்வரலாற்றைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். நான் இதைக் கற்பதற்கு முன்னரே, 2011இல், அவர் காலமாகிவிட்டார்.

இனிச் செய்முறைக்கு வருவோம். செவில் தோடை எமது மலையில் இல்லை. ஊவாப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் தோடம்பழத்தையும் நாரத்தையையும் பாட்டனார் கலந்துகொண்டார். முன்னது சாற்றுக்கு, பின்னது கசப்புக்கு. புளிப்புக்குச் சில எலுமிச்சங்காய்கள். ஓர் இறாத்தல் பழத்துக்கு இரண்டு பைந்து நீர், இரண்டு இறாத்தல் சீனி. அம்மா இன்றும் கிலோக் கணக்கை மனத்துள் இறாத்தலாக மாற்றியே அளக்கின்றார்.

முதல்நாட் பிற்பகலிற் பழங்களை இரண்டாகப் பிளந்து சாறு பிழிவர். விதை ஒன்றையேனும் எறிதல் ஆகாது. தோலின் உட்புறத்து வெள்ளைச் சதையையும் விதைகளையும் மெல்லிய துணியிற் பொட்டலமாகக் கட்டி, நறுக்கிய தோலுடனும் சாற்றுடனும் நீரில் இரவு முழுவதும் ஊறவிடுவர். தோலைத் தீக்குச்சிக் கனத்துக்கு நறுக்குவது என் அம்மாயியின் வேலை. எழுபது கடந்த கையாயினும் ஒரு துண்டு இன்னொன்றைவிடத் தடித்திராது.

மறுநாட் காலையில் அதனைச் சிறுதீயில் இரண்டு மணிநேரம் அளவு வேகவைப்பர். தோற்றுண்டை இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் நசியவேண்டும். அதுவரையில் சீனியைப் பக்கத்திலும் கொண்டுவரக்கூடாது. வேகாத தோலிற் சீனி சேர்ந்தால் அது பின்னர் எத்தனை நாழிகை கொதித்தாலும் மிருதுவாகாது; உண்பவரின் பல்லில் வார் போல இழுபடும். தோல் வெந்ததும் பொட்டலத்தை எடுத்து இரு தட்டுகளுக்கிடையே நெருக்கிப் பிழிவர். அப்போது வழியும் கொழகொழப்பான நீர்தான் மாமலேட்டின் உயிர். பெக்டின் என்று விஞ்ஞான பீடத்து நண்பர்கள் அழைக்கும் பொருள் அதுவே. விதையிலும் வெண்சதையிலும் மறைந்திருக்கும் அப்பொருள், புளிப்பின் துணையோடும், நீரைச் சீனி தன்பால் ஈர்த்துக்கொள்வதனாலும், ஒன்றோடொன்று பின்னி வலையாகி மிகுந்த பாகைத் தன்னுள் சிறைப்பிடிக்கின்றது. எறியப்படுவதற்கென்றே பிறந்தவைபோலத் தோன்றும் பகுதிகள் இவ்வளவு வேலை செய்கின்றன.

பின்பு சீனியிட்டுக் கரைத்துத் தீயைப் பெருக்குவர். எப்போது இறக்குவது என்பதிலேதான் கைத்திறன் உள்ளது. துரைசாணியின் புத்தகத்தில் 220 பாகை பரனைற்று என்றிருந்ததாம். ஏறக்குறைய 104 பாகை செல்சியசு. அதற்கென ஒரு வெப்பமானியும் பங்களாவில் இருந்தது. பாட்டனார் அதனை மரியாதையுடன் அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு பீங்கான் தட்டை யன்னற் கட்டையிற் பனிக்குளிரில் வைப்பார். பாகில் ஒரு துளியை அத்தட்டில் இட்டு விரலாற் தள்ளுவார். மேலாடை சுருங்கினால் அடுப்பிலிருந்து இறக்குவார். சுருங்காவிட்டால் இன்னும் சிறிது நேரம் கொதிக்க விடுவார்.

இது எழுத்தறியாதவரின் பிடிவாதம் என்று துரைசாணி எண்ணியிருக்கலாம். ஆனால் புத்தகம் கடல்மட்டத்தில் எழுதப்பட்டது. அங்கே நீர் கொதிப்பது 100 பாகையில். நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. வளியமுக்கம் குறைவாதலால் அங்கு நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மாமலேட் உறையும் நிலை என்பது கொதிநீரைவிட நாலரைப் பாகை அளவு மேலே என்று கொள்ளவேண்டும். ஆகவே எங்கள் மலையில் அது 98, 99 பாகை. வெப்பமானி 104 காட்டும்வரை காத்திருந்தால் பாகு கருகத் தொடங்கிக் கல்லாக இறுகிவிடும். இக்கணக்கை நான் நூலகத்திற் போட்டுப் பார்த்தபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எம்மவரின் அறிவை ‘அனுபவ ஞானம்’ என்று தோளிற் தட்டிப் பாராட்டுவது ஒரு வழக்கம். இங்கே அவ்வகைப் பாராட்டுக்கு இடமில்லை. இருவர் கணக்குகளில் ஒன்று சரி, மற்றது பிழை.

இறக்கியபின் கால்மணிநேரம் ஆறவிட்டே போத்தலில் நிரப்பவேண்டும் என்பதை மட்டும் கூறி மேலே செல்கிறேன். அன்றேல் தோலெல்லாம் மேலே மிதக்கும்.

இத்துணையும் எழுதியபின் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. மாமலேட்டுக்கான தோலை நறுக்கும் என் அம்மாயி அதனை உண்பதில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. அரிசியும் மாவும் அரிதாயின. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. சீனி பங்கீட்டுப் பொருளாயிற்று. ஆயினும் பங்களாவுக்குச் சீனி எப்படியோ வந்தது. லயத்தில் மரவள்ளிக்கிழங்கும் கீரையுமாகப் பிள்ளைகள் கிடந்த நாட்களில், பாட்டனார் மேலே மாமலேட் காய்ச்சிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது.

“அந்த வாசம் புள்ளைங்களுக்குப் பட்டுறக் கூடாதுன்னு பீலிக்கரையிலயே கை காலெல்லாம் தேச்சுக் கழுவிட்டுத்தான் லயத்துக்கு வருவாரு” என்று அம்மாயி ஒருமுறை கூறினார். அதற்குமேல் அவர் எதுவும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் துரைசாணியும் கப்பலேறினர். பின்வந்தவர்களின் காலை மேசையில் மாமலேட்டுக்கு மதிப்பிருக்கவில்லை.

பிறகு அது எங்கள் வீட்டுக்குள் வந்தது எவ்வாறு? தன் கைவேலை தன்னோடு போய்விடக்கூடாது என்று பாட்டனாரே அம்மாவுக்குக் கற்பித்தார். இன்று அம்மா கொழுந்தெடுத்து வந்த மாலைகளில் அதனைக் காய்ச்சி நகரத்துத் தங்குவிடுதியொன்றுக்குக் கொடுக்கின்றார். நான் இங்கு தங்கிப் படிக்கும் செலவில் ஒரு பங்கு அப்போத்தல்களிலிருந்து வருவது. 2022இல் சீனி விலை ஏறிய மாதங்களில் காய்ச்சல் நின்றது; நானும் சில புத்தகங்களை வாங்காது நிறுத்தினேன்.

நண்பரொருவர், இது எசமானனின் நாக்குக்குச் செய்த பண்டம், இதைக் கட்டிக்காப்பது அடிமை மனோபாவம் என்று வாதிட்டார். அவ்வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. அம்மாயியின் மௌனம் அவர் பக்கத்திலேயே நிற்கின்றது. எனினும், தேயிலையும் எசமானனுக்காக நட்ட செடிதானே. அதன் நீரை நாம் மூன்று வேளையும் குடிக்கின்றோம். செய்தவருக்கு உரிமை இல்லாத பண்டம் என்று ஒன்றைக் கைவிடுவதைவிட, உரிமையைக் கேட்பது மேல் என்பதே என் எண்ணம்.

இவ்வெண்ணத்துக்கு இவ்வாண்டு ஒரு சோதனை வந்துள்ளது. விடுதிக்காரர் போத்தல்களுக்கு அழகான லேபல் அச்சிட விரும்புகின்றார். ‘ஆங்கிலேயர் காலத்துப் பாரம்பரியச் சுவை’ என்பது அவர் தந்த வாசகம். கசப்பையும் சற்றுக் குறைக்கும்படி கேட்டிருக்கின்றார். லேபலில் பாட்டனாரின் பெயரை இடவேண்டும் என்று நான் எழுதினேன். அம்மாவோ, பெயர் போட்டால் அவர் வாங்குவாரோ என்று கவலைப்படுகின்றார். கசப்பு மட்டும் குறையாது என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். இப்பருவத்துப் போத்தல்கள் பதினெட்டும் லேபல் இன்றி, குசினித் தட்டில் இன்னும் இருக்கின்றன.