கடல்பாசியில் ஒரு பிறந்தநாள் கேக்

எங்கள் மகனுக்கு நான்கு வயது நிறைவடையவிருந்த வாரத்தில், பழவேற்காடு ஏரியைக் கேக்காகச் செய்து தர வேண்டும் என்று கேட்டான். படகு, கலங்கரை விளக்கம், பூநாரைகள் யாவும் வேண்டுமாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து குளிர்காலத்தில் இருமுறை அவனை அங்கே அழைத்துச் சென்றதன் விளைவு!

உம்மாவுக்குப் பிறந்தநாளில் உடன்பாடில்லை. ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியும் தர்மம் செய்தாயிற்று. இனி ஆண்டுதோறும் எதற்கு என்பது அவர்களின் கேள்வி. ஆலிம்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. மெழுகுவத்தியும் பாட்டுமின்றி, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாலைச் சிற்றுண்டி என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். உம்மா மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை.

கேக்கின் மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் என்பது சர்க்கரை மாவுதான். அதற்கு இழுவை தருவது பெரும்பாலும் ஜெலட்டின். பன்றியின் தோலிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. அருகிலிருந்த கடையொன்றில் பிரித்துக் கட்டிய பொட்டலம் கிடைத்தது. அதில் எந்தக் குறிப்பும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டோம். பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின் இல்லை என்று நம்பலாம். ஆனால் அந்தப் புள்ளி வெனிலா எசன்ஸில் உள்ள ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே ஏலக்காய் போட்டோம்.

நோன்புக் காலத்துக் கடல்பாசி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கால் கோப்பை நீரில் இரண்டு தேக்கரண்டி கடல்பாசித் தூளைக் கொதிக்கவிட்டு, குளுக்கோஸ் பாகும் தாவரக் கிளிசரினும் கலந்து, சலித்த ஐசிங் சர்க்கரையில் ஊற்றினோம். ஜெலட்டின் வெந்நீரில் கரைந்துவிடும். கடல்பாசியோ நன்றாகக் கொதித்தாக வேண்டும். சூடு தணிந்தவுடன் இறுகியும் விடும். முதல் முறை பிசைவதற்குள் கட்டி கட்டியாக உறைந்துவிட்டது. இரண்டாம் முறை வெதுவெதுப்பாகவே பிசைந்தோம். கடலோரப் புழுக்கத்தில் கைகளில் ஒட்டியது. சற்று இழுத்தால் கிழிந்தது. கிழிந்த இடத்தையெல்லாம் அலைகளாக்கிவிட்டோம்.

படகும் கலங்கரை விளக்கமும் ஒருவாறு நின்றன. பூநாரைதான் சிக்கல். உயிருள்ளவற்றின் உருவத்தை நம் கையால் செய்ய வேண்டாமே என்று உம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். மகன் அழுதான். சற்று நேரம் கழித்து உம்மாவே அடுப்படிக்கு வந்து, முள்கரண்டியின் நுனியால் ஏரிக்கரைச் சேற்றில் மூன்று மூன்று கோடுகளாக அழுத்திக்கொண்டே போனார்கள்.

"பார் வாப்பா, பறவையெல்லாம் இப்பத்தான் பறந்து போச்சு. கால்தடம் இருக்குதா?"

அவன் எண்ணத் தொடங்கினான்.

மாலையில் சிப்காட் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களில் இறைச்சி உண்ணாத வீட்டுச் சிறுமி ஒருத்தி தயங்கி நிற்க, கடல்பாசிதான் என்று உம்மாவே எடுத்துக் கொடுத்தார்கள். தாம் மட்டும் உண்ணவில்லை. படகை மகன் வெட்டவிடாமல் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டான். இரண்டு நாளில் அது வியர்த்து, நீலம் கசிந்து, தட்டிலேயே மூழ்கிவிட்டது.