சொல்லாமல் விட்ட வாக்கியம்

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா மகள் அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டை நவம்பரில் எழுதப் பதிவு செய்துவிட்டாள். இனி ஞாயிறுதோறும் நான் இருக்கும் எடிசனுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து படிப்பதாக ஏற்பாடு. நான் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பாராலீகலாக வேலை பார்ப்பவள். சட்டக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆனால் அந்தத் தேர்வின் தர்க்கக் கேள்விகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கே அதில் பிடிப்பு வந்துவிட்டது.

2024 ஆகஸ்டு முதல் தேர்வின் அமைப்பு மாறியிருக்கிறது. முப்பத்தைந்து நிமிடப் பகுதிகள் நான்கு. அதில் ஒன்று மதிப்பெண்ணில் சேராது. எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. மீதி மூன்றில் இரண்டு தர்க்கம், ஒன்று வாசிப்பு. ஆக, மதிப்பெண் தரும் கேள்விகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தர்க்கம்தான். ஒரு பகுதியில் சுமார் 25 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது.

பழைய தேர்வுக் கேள்விகளை அவள் லாஹப் என்ற இணையதளத்தில் செய்கிறாள். நான் அதே அச்சில் புதிதாக எழுதிக் கொடுக்கிறேன். இன்று கொடுத்தது இது:

ஓர் ஊர் நூலகம் தாமதக் கட்டணத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டு இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. ஆகவே அதுவரை வாசகர்களைத் தள்ளி நிறுத்தியது கட்டணத்தைப் பற்றிய பயம்தான். இந்த வாதத்தை மிக அதிகமாகப் பலவீனப்படுத்துவது எது?

அவள் 'பி'யை எடுத்தாள்: கட்டணம் ஒழிந்ததால் நூலகத்தின் வருமானம் குறைந்தது. சரியான விடை 'டி': அதே ஆண்டில் பக்கத்து ஊர் நூலகம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்தது.

"வருமானம் போச்சுன்னா அது தப்பான முடிவுதானே சித்தி?"

கட்டணத்தை ஒழித்தது நல்லதா கெட்டதா என்று வாதம் பேசவே இல்லை. இரவல் ஏன் கூடியது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறது, அவ்வளவுதான். 'பி' அந்தத் திட்டத்தோடு சண்டை போடுகிறது, வாதத்தைத் தொடவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் புத்தகம் தேடி இங்கே வந்திருந்தால், கட்டணத்தைப் பற்றிய பயத்துக்கும் கூடின எண்ணிக்கைக்கும் நடுவில் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

செப்டம்பர் 17, புதன்

முதலில் முடிவு எது என்று கண்டுபிடி, அதன் கீழ் கோடு போடு, பிறகுதான் விடைகளைப் பார் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். 'ஆகவே' என்ற சொல்லைத் தேடிக்கொண்டு கடைசி வரிக்குப் போகிறாள். பல கேள்விகளில் முடிவு முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. சிலர் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அது சரியில்லை, ஏனென்றால் என்று போகும் வாதத்தில் "அது சரியில்லை" என்ற சின்னத் துண்டுதான் முடிவு. பின்னால் வருவதெல்லாம் அதற்குக் காரணம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே வகைக் கேள்வி: வாதம் நிற்க அவசியமாகத் தேவைப்படும் அனுமானம் எது? எல்சாட் தர்க்கத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் காரணம் சொல்கிறார், முடிவு சொல்கிறார்; நடுவில் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விடுகிறார். அதைத் தேடி எடுக்க வேண்டும்.

நான் எழுதிய வாதம்: பழைய ஆற்றுப்பாலம் மூன்று பெருவெள்ளங்களில் சேதமில்லாமல் நின்றது. புதிய பாலம் அதே வடிவமைப்பில் கட்டப்படுகிறது. ஆகவே புதிய பாலமும் அந்த அளவு வெள்ளத்தைத் தாங்கும்.

மூன்று விடைகளோடுதான் மல்லுக்கட்டினோம். 'ஏ': இதைவிடச் சிறந்த பால வடிவமைப்பு வேறு இல்லை. 'சி': புதிய பாலத்தின் கட்டுமானப் பொருட்கள் பழையதைத் தாங்க வைத்த பொருட்களைவிட மிகவும் பலவீனமானவை அல்ல. 'இ': இந்த வடிவமைப்பில் கட்டிய எந்தப் பாலமும் எந்த வெள்ளத்திலும் சேதமாகாது.

'ஏ'யைச் சீக்கிரமே தள்ளிவிட்டாள். 'இ'யை விட மனம் வரவில்லை.

"இது உண்மைன்னா முடிவு நூத்துக்கு நூறு உறுதியாயிடுது. அப்புறம் எப்படி சித்தி இது தப்பான விடை?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். முடிவை உறுதியாக்கப் போதுமானது எது என்று கேட்கும் கேள்விகளும் இதே தேர்வில் உண்டு. அங்கே 'இ' சரியான விடையாக இருந்திருக்கும். இங்கே கேட்பது வேறு. வாதம் செய்தவர் இதை நம்பியே ஆகவேண்டுமா? மறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'இ'யை மறு: இந்த வடிவமைப்பில் கட்டிய ஏதோ ஒரு பாலம் ஏதோ ஒரு வெள்ளத்தில் சேதமாகியிருக்கிறது. சரி, ஆகட்டுமே. அது இன்னும் பெரிய வெள்ளமாக இருந்திருக்கலாம். நம் பாலத்தைப் பற்றிய வாதம் அப்படியே நிற்கிறது. இப்போது 'சி'யை மறு: புதிய பாலத்தின் பொருட்கள் மிகவும் பலவீனமானவை. உடனே, வடிவமைப்பு ஒன்றாக இருந்து என்ன பயன் என்ற கேள்வி வந்து நிற்கிறது. வாதம் சரிந்துவிட்டது. எதை எடுத்தால் வாதம் விழுகிறதோ அதுதான் அதற்கு அவசியம்.

அவள் பேனாவை வைத்துவிட்டு, சாப்பிடும்வரை வேறு எதையும் திறக்கவில்லை. அடக்கமான குரலில் பேசும் விடைகளை இனி அவள் அலட்சியமாகத் தாண்ட மாட்டாள் என்று நினைக்கிறேன். அவசிய அனுமானக் கேள்விகளில் 'எந்தவொரு', 'எப்போதும்', 'மட்டுமே' என்று முழங்குகிற விடையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. வாதமே முழங்கினால் மட்டும் விடையும் முழங்கலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று ஒரு பெரியவர், கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்துவிட்டது, அதனால் குடியுரிமை வந்துவிடும் என்று உறுதியாகச் சொன்னார். ஐந்து வருடம் என்பது விண்ணப்பிக்கத் தேவையான நிபந்தனை. அது மட்டுமே போதாது. அந்தக் காலத்தில் குறைந்தது முப்பது மாதம் இந்த நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஆங்கிலமும் குடிமையியலும் தேற வேண்டும். இவர் ஊரிலேயே நெடுநாள் தங்கிவிட்டவர். பொறுமையாக விளக்கினேன்.

இரவு அதையே அவளுக்குக் கேள்வியாக மாற்றி அனுப்பினேன். குடியுரிமை பெற்றிருந்தால் நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன. நிபந்தனை ஒன்று நிறைவேறாவிட்டால் குடியுரிமை இல்லை. இவை இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு நிபந்தனை நிறைவேறியது என்பதிலிருந்து குடியுரிமைக்குத் தாவ முடியாது. அவள் பதிலுக்கு, "அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கிட்டவங்களுக்கு மூணு வருஷம்தானே சித்தி, அப்போ ஐந்து வருஷம் எல்லாருக்கும் தேவையான நிபந்தனையே இல்லையே" என்று எழுதியிருந்தாள். மிகச் சரி. விதிவிலக்கைப் பிடித்துவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

'சிலர்', 'பெரும்பாலோர்' கணக்கு. இந்தத் தேர்வில் 'சிலர்' என்றால் ஒருவராவது, எல்லோருமாகவும் இருக்கலாம். ஒரு கட்டடத்தில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் நாய் வளர்க்கிறார்கள், பெரும்பாலோர் சைக்கிள் வைத்திருக்கிறார்கள் என்றால், இரண்டும் உள்ளவர் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும். பாதிக்கு மேல் இரண்டு கூட்டம் ஒரே கட்டடத்தில் ஒட்டாமல் இருக்க முடியாது. இது அவளுக்கு உடனே பிடிபட்டது.

டீ குடிக்கும்போது, முன்பிருந்த புதிர் விளையாட்டுப் பகுதி ஏன் போனது என்று கேட்டாள். யார் எந்த நாற்காலியில், எந்த வரிசையில் என்று படம் போட்டு விடுவிக்கிற பகுதி அது. மிஷிகன்காரர் ஏஞ்சலோ பின்னோ பார்வையற்றவர். படம் வரைந்தால்தான் வசதியாகச் செய்ய முடிகிற பகுதி தன்னைப் போன்றவர்களுக்கு நியாயமாகாது என்று 2011இல் நீதிமன்றம் போனார். பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 2019இல் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்போடு சமரசமானது. அந்தப் பகுதி 2024 ஆகஸ்டிலிருந்து இல்லை. சட்டம் படிக்க விரும்பிய ஒருவர் சட்டத்தின் வழியாகவே அந்த வாசலை அகலமாக்கினார். அவர் பெயரை இந்தத் தேர்வு எழுதுகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

தூக்கம் வராமல் மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்தேன். அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் இடம். கல்லூரியில் கதை முடிந்துவிட்டது என்று தாண்டிப்போன காதை இது. இப்போது படித்தால் வாதப் பிழைகளின் பாடப்புத்தகம் போல இருக்கிறது. பக்கம் என்கிற முடிவு, ஏது என்கிற காரணம், திட்டாந்தம் என்கிற எடுத்துக்காட்டு. பிறகு இவை ஒவ்வொன்றிலும் வரும் போலிகள், வகை வகையாக.

அதில் அநைகாந்திகம் என்ற ஏதுப்போலி என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்கிறார் ஒருவர். குடமும் அறியப்படுகிறது, அது அழிகிறது. ஆகாயமும் அறியப்படுகிறது, அது அழியாதது என்பது அந்தக் காலக் கொள்கை. அப்படியானால் அறியப்படுதல் என்ற காரணம் இரண்டு பக்கமும் போகிறது, எதையும் நிறுவவில்லை. எல்சாட்டில் பாதிப் பிழைக் கேள்விகளுக்கு இந்த ஒரு சோதனை போதும்: சொன்ன காரணம், முடிவு பொய்யாக இருந்தாலும் அப்படியே இருந்திருக்குமா?

அக்டோபர் 12, ஞாயிறு

கடினமான நாள், நல்ல நாள்.

வாதம்: ஒரு தெருவில் பத்து ஆண்டுகளில் குடியேறியவர்கள் திறந்த கடைகள் பெருகின. அதே பத்து ஆண்டுகளில் அந்தத் தெருவில் திருட்டு குறைந்தது. ஆகவே குடியேறியவர்களின் வருகைதான் திருட்டைக் குறைத்தது. இதிலுள்ள பிழை என்ன?

குடியேறியவர்கள் எல்லோரும் கடை வைப்பதில்லை என்பதை வாதம் கவனிக்கவில்லை என்ற விடையை எடுத்தாள். அது உண்மை, ஆனால் ஓட்டை அங்கே இல்லை. திருட்டு குறைந்ததால்தான் கடைகள் வந்திருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற விடையை அவள் பார்த்திருக்கிறாள், வேண்டுமென்றே தாண்டியிருக்கிறாள்.

"ஆனா நம்ம ஆளுங்க வந்த தெருவெல்லாம் நல்லாத்தானே ஆயிருக்கு சித்தி! இங்க நம்ம கடைங்க நிறைஞ்ச ஓக் ட்ரீ ரோட்டைப் பாருங்க."

"இருக்கலாம் கண்ணு. இந்த ரெண்டு வாக்கியம் அதைக் காட்டுதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. முகம் சிவந்திருந்தது. முடிவு நமக்குப் பிடித்ததாக இருந்தால் கண் ஓட்டையைத் தாண்டிப் போய்விடுகிறது. பிடிக்காத முடிவில் ஓட்டை தேடுவதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டாம்.

எங்கள் அலுவலகத்து விஷயத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். திருமணத்தின் பேரில் கிரீன் கார்டு கேட்கும் மனுவில், தம்பதிக்குக் கூட்டு வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆகவே திருமணம் உண்மையானது என்று எழுதுவார்கள். அவர்கள் உண்மையான தம்பதிதான். எதிரே உட்கார்ந்து பேசும்போதே தெரியும். ஆனால் பொய்த் திருமணம் செய்தவர்களும் அதே கணக்கை அரைமணி நேரத்தில் திறக்கலாம். ஆகாயமும் குடமும்தான். அதனால்தான் அந்தக் கணக்கின் அறிக்கைகளை மாதம் மாதமாக விரித்துப் பார்ப்போம்: வாடகை அதிலிருந்து போகிறதா, மின்கட்டணம் போகிறதா, இருவர் சம்பளமும் அதில் விழுகிறதா, மளிகைக்கடையில் இருவரும் அந்த அட்டையைத் தேய்க்கிறார்களா. சொல்லாமல் விட்ட வாக்கியத்தை ஆதாரத்தால் நிரப்புகிற வேலை அது. நிரப்பாமல் அனுப்பினால் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும். அந்த மாதங்களில் ஒரு குடும்பம் தூங்காது. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காகவே வாதத்தைத் தளர்வாக விடுவது, அந்த மனிதர்களுக்குச் செய்யும் துரோகம் என்றுகூடச் சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டேன்.

அவள் நோட்டை இழுத்து, தவறாய்ப்போன ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு பத்தி கோடு போட்டாள். சரியான விடை ஏன் சரி என்பது ஒன்று. நான் எடுத்த விடை எனக்கு ஏன் பிடித்தது என்பது மற்றொன்று. இரண்டாவது பத்திதான் அவளுக்கு மதிப்பெண் தரப்போகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஒரு பகுதி மட்டும் நேரம் வைத்துச் செய்தாள். விடைக்குறிப்பைத் திறப்பதற்கு முன் சந்தேகமான கேள்விகளை நேரக்கணக்கில்லாமல் மறுபடி செய்யச் சொன்னேன். நேரம் கொடுத்தால் சரியாக வருவது எது, எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வராதது எது என்று பிரிந்துவிட்டது. முன்னதற்கு வேகம் வேண்டும், பின்னதற்குப் புரிதல். மருந்து வேறு வேறு. பிறகு அதிரசம்.

நவம்பர் 2, ஞாயிறு

இந்த வாரம் தேர்வு. ஒரே அமைப்பில் உள்ள இன்னொரு வாதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நீளக் கேள்விகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். விடைகள் ஐந்தும் ஐந்து குட்டி வாதங்கள். படிக்கவே நேரம் ஓடிவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது என்பதையும் மறுபடி சொல்லியிருக்கிறேன்.

அவசிய அனுமான வகையில் இன்னும் மூன்று கேள்வி வேண்டும், செவ்வாய்க்குள் வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு எழுதிவிட்டேன். மூன்றாவதில் 'டி' பார்த்தவுடனே சரி என்று தெரிகிறது. அதை இன்னும் அடக்கமாக மாற்றி எழுத வேண்டும்.