திரையில் அகலும் ஃபெண்டர்

ஹோண்டா 1991-இல் கொண்டுவந்த ‘பீட்’ கார் நம்ம ஊர் மாருதி 800-ஐவிடச் சிறியது. நீளம் 3,295 மி.மீ., அகலம் 1,395 மி.மீ., எடை 760 கிலோ. இருக்கை இரண்டுதான், அவற்றுக்குப் பின்னால் 656 சி.சி. எஞ்சின். கியோட்டோவில் ஓர் இளம் ஓவியரின் கணினித் திரையில் நான் பார்த்த பீட்டை அடையாளம் காணவே சற்று நேரம் பிடித்தது. சக்கரங்களை மூடும் ஃபெண்டர்கள் புடைத்திருந்தன. முன்பக்கம் தரையை உரசுவதுபோல ஸ்ப்ளிட்டர், பின்னால் கூரை உயரத்துக்கு விங்.

அந்த ஓவியருக்குப் பகலில் விளம்பரப் பட வேலை. மாலைக்கு மேல் கார்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவும் அவரிடம் இல்லை. 2002-இல் மூலநிரல் பொதுவில் திறந்துவிடப்பட்ட ‘ப்ளெண்டர்’ என்ற முப்பரிமாண மென்பொருளிலேயே எல்லாம் நடக்கிறது. முதலில் கம்பெனி அளவுகளையும் நாலாபக்கப் புகைப்படங்களையும் வைத்து, மாற்றம் எதுவும் செய்யாத காரை மெஷ்ஷாக, அதாவது வலைப்பின்னல் வடிவமாக, கட்டுகிறார். அது மில்லிமீட்டர் பிசகாமல் அமைந்த பிறகே வெட்டும் ஒட்டும்.

ஃபெண்டரை வெளியே இழுப்பது சில நிமிட வேலை. அதற்குள் சக்கரம் திரும்புமா என்று பார்ப்பதில்தான் நேரம் போகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தது போல முன்சக்கரத்தைத் திருப்புகிறார். சஸ்பென்ஷன் அமுங்கியது போல மேலே ஏற்றுகிறார். டயர் எங்கே தகட்டைத் துளைத்துக்கொண்டு வருகிறதோ அங்கே மறுபடி கை வைக்கிறார். அடுத்தது பட்டைச் சோதனை. உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பிரதிபலிக்கவிட்டால், பட்டை நெளியும் இடத்தில் பரப்பில் பள்ளமோ மேடோ இருக்கிறது என்று அர்த்தம். பெயின்டும் வெளிச்சமும் கடைசியில்தான்.

இப்படிப்பட்ட படங்கள் திரையோடு நின்றுவிடுவதில்லை. அதே கியோட்டோவில் கெய் மியுரா நடத்தும் டிஆர்ஏ கியோட்டோ, ‘ராக்கெட் பன்னி’, ‘பாண்டெம்’ என்ற பெயர்களில் பாடி கிட், அதாவது காரின் வெளித்தோற்றத்தை மாற்றும் பாகங்கள், விற்கிறது. நிஜக் காரை ஸ்கேன் செய்து, கணினியில் வடிவமைத்து, சிஎன்சி இயந்திரத்தில் அச்சு கடைந்து, ஃபைபரில் வார்க்கிறார்கள். பிரிட்டனின் கைசில் சலீம் கணினியில் கார் வரைந்தே பேர் வாங்கியவர். பிறகு ‘லிவ் டு அஃபெண்ட்’ என்ற பெயரில் நிஜ பாடி கிட்டுகளையே விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

கியோட்டோ ஓவியர் திரையில் வைத்திருந்ததும் பீட் வைத்திருக்கும் ஒருவர் கேட்டு வாங்கும் படம்தான். இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. பீட், ஜப்பானில் ‘கெய்’ எனப்படும் சிறிய கார் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு அகல வரம்பு 1,480 மி.மீ. பீட்டுக்கு மிஞ்சுவது 85 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 42.5. அதைத் தாண்டினால் கெய் காருக்கான மஞ்சள் நம்பர் பிளேட் போய்விடும். சாதாரண காருக்கான வரி வந்து சேரும்.

அதனால் அவர் இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறார். ஒன்று கண்காட்சிக்கு, இஷ்டம்போல அகலம். மற்றது சாலைக்கு, பக்கத்துக்கு 40 மி.மீ. மட்டும், மொத்தம் 1,475. முதல் படத்தைப் பார்க்கிறவர்கள் வாய்பிளப்பார்கள். ஆனால் தகட்டில் கட்டர் வைக்கும் முன் யாராவது படம் வரையச் சொல்வதானால், காசு கொடுக்க வேண்டியது இரண்டாவது படத்துக்கு.