நூறு பெரிதா, எண்பத்தைந்து பெரிதா?

ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது மனிதனுக்கு எவரும் கற்றுக்கொடுக்காமலே வரும் வித்தை. தட்டில் இருக்கும் இரண்டு அதிரசங்களில் எது பெரிது என்பதை எண் அறியாத குழந்தையும் ஒரே பார்வையில் கண்டுகொள்கிறது. முதல் வகுப்புக்குப் போன பிறகு 85-ஐவிட 100 பெரியது என்பதையும் அது கற்றுக்கொள்கிறது. அப்படியிருக்க, தலை நரைத்த நாம், சங்கத்தார் கூடியிருந்த சபையில், 100-ஐவிட 85 பெரியது என்று அறிவித்துவிட்டோம். அதைக் குறித்து அன்பர்கள் பலரும் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நம் கடமை. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப் பழகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடமாகவும் உதவக்கூடும்.

பொங்கல் விழாவையொட்டிச் சிறுவர் சிறுமியருக்குத் தமிழ்ப் பாடல் ஒப்புவித்தல் போட்டி நடத்துவது நம் சங்கத்தின் வழக்கம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் இம்மாநிலத்து மொழியும் படித்துவிட்டு, வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் மட்டுமே தமிழைக் கேட்டு வளரும் குழந்தைகள் அவர்கள். இவ்வாண்டு 23 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நடுவர்கள் கூடிப் பேசி ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவார்கள். அதை வரிசைப்படுத்திப் பரிசுக்குரியோரை அறிவிக்கும் பொறுப்பு நீண்ட காலமாக நம்முடையது. தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு அவசரத்தில் எழுதி அழிப்பதற்குப் பதிலாக, இம்முறை கணிப்பொறியின் துணையை நாடுவோம் என்று துணிந்தோம்.

அடுத்த வீட்டில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். “பைத்தான் போதும் மாமா, இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்” என்று அவர் தைரியம் சொன்னார். பைத்தான் என்றதும் வீட்டில் மலைப்பாம்பு என்று சிரித்தார்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம் என்பவர் ஆக்கி, 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொறி மொழி அது. பாம்பை எண்ணி அவர் அப்பெயரை இடவில்லை, பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரின் பெயரிலிருந்தே எடுத்துக்கொண்டார். புதிதாகக் கற்போருக்கு ஏற்ற எளிமை அதில் இருக்கிறது. நம் கட்டளைகளில் பொருள்களுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதை அறிந்தபோது நமக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

முதலில் கற்றது பட்டியல். மதிப்பெண் = [78, 64, 91] என்று எழுதினால், ஒரே பெயரின்கீழ் மூன்று அறைகள் வரிசையாக அமைந்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண் குடியேறிவிடுகிறது. இவ்வகை வரிசையைப் பிற மொழிகளில் அணி என்று வழங்குவதும் உண்டு. ஆனால் அறைகளின் எண் ஒன்றில் தொடங்குவதில்லை, பூச்சியத்தில் தொடங்குகிறது. மதிப்பெண்[0] என்றால் 78. மதிப்பெண்[1] என்றால் 64. இது முதலில் நமக்கு வேடிக்கையாகத் தோன்றிற்று. பிறகு யோசித்துப் பார்த்தால், நாம் குடியிருக்கும் அடுக்கு வீட்டிலும் தரைத் தளம் போகத்தானே முதல் மாடியை எண்ணுகிறோம்! தொடக்கத்திலிருந்து எத்தனை அறை தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். இதை மறந்து ஒன்றிலிருந்து எண்ணிய நம் முதல் முயற்சியில், பட்டியலின் தலைப்பில் இருந்த குழந்தையின் பெயர் அழைக்கப்படவே இல்லை. ஒத்திகையிலேயே தம்பி அதைக் கண்டு திருத்தினார்.

அடுத்தது சமக்குறி. இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரு பொருள்கள் வேறு இல்லை என்று கருதி, ராபர்ட் ரெக்கார்ட் என்னும் அறிஞர் 1557-ஆம் ஆண்டில் தம் நூலில் அக்குறியைக் கையாண்டார். கணக்குப் புத்தகத்தில் அது ‘இதுவும் அதுவும் சமம்’ என்று சொல்கிறது. பைத்தானிலோ ஒற்றைச் சமக்குறி ‘இந்தப் பெயருக்கு இதை உரியதாக்கு’ என்னும் ஆணை. ‘இவை சமமா?’ என்று கேட்க வேண்டுமானால் == என்று இரட்டையாக இட வேண்டும். அதைப் போலவே > என்பது ‘இடப்புறத்தது பெரிதா?’ என்னும் கேள்வி. கேள்வி கேட்டால் கணிப்பொறி ‘உண்மை’ என்றோ ‘பொய்’ என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறது. ‘இருக்கலாம்’, ‘பார்ப்போம்’ என்னும் பதில்களெல்லாம் அதனிடம் இல்லை.

இவ்வளவு கற்றதும் வேலையைத் தொடங்கினோம். பெயரும் மதிப்பெண்ணும் பிரிந்துவிடாதபடி, ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டையும் சேர்த்துக் கட்டி ஓர் அறையில் வைத்தோம். விசைப்பலகையில் நாம் தட்டும் மதிப்பெண்களை வாங்கிக்கொண்டு, பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தி, முதல் மூன்று பெயர்களைக் காட்டுமாறு கட்டளை எழுதினோம். 45, 62, 78 என்று மனம் போனபடி எண்களைக் கொடுத்துப் பத்து முறை சோதித்தோம். பத்து முறையும் விடை சரியாகவே வந்தது. இனி என்ன கவலை என்று இருந்துவிட்டோம்.

விழா நாளும் வந்தது. நடுவர்கள் தந்த தாளைப் பார்த்து மதிப்பெண்களை வேகமாகத் தட்டினோம். கண் இமைக்கும் நேரத்தில் மூன்று பெயர்கள் திரையில் தோன்றின. 96, 91, 85 பெற்ற மூவரை மேடைக்கு அழைத்தோம். பரிசுகள் வழங்கப்பட்டன. அனைவரும் கைதட்டினார்கள். ‘இவ்வளவு விரைவில் முடிந்துவிட்டதே’ என்று செயலாளர் நம்மைப் பாராட்டவும் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மதிப்பெண் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வகுப்பு முடிந்து குழந்தைகள் வெளியேறிய பின்னும் ஒரு சிறுமி மட்டும் பலகையின் அடியிலே நின்றுகொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். ஈராண்டுக்கு முன் இந்நகருக்கு மாற்றலாகி வந்த குடும்பம். ஊரிலுள்ள பாட்டி தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கேட்டே அவள் பாரதியார் பாடலை மனப்பாடம் செய்தாள் என்று பின்னர் அறிந்தோம். நம்மைக் கண்டதும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“தாத்தா, எண்பத்தைந்து வாங்கின அண்ணாவுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தீங்க. என் பேருக்கு நேரே நூறு போட்டிருக்கு. நூறு சின்னதா தாத்தா?”

அவள் குரலில் கோபம் இல்லை, குறையும் இல்லை. தான் கற்றதில்தான் பிழை இருக்குமோ என்னும் ஐயம் மட்டுமே இருந்தது. அதுதான் நம்மைச் சுட்டது. தாளைப் பார்த்தோம். நடுவர்களின் கையெழுத்தில் 100 தெளிவாக இருந்தது. ‘பெரியவர்கள் முடிவு செய்தால் காரணம் இருக்கும்’ என்று எண்ணி, பெற்றோர் ஒரு சொல்லும் கேளாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அன்றிரவு வீட்டில் கணிப்பொறியின் முன் உட்கார்ந்தோம். முழுப் பட்டியலையும் காட்டச் சொன்னால், அந்தச் சிறுமியின் பெயர் 23-ஆவதாக, எல்லோருக்கும் கீழே நின்றது. தம்பியை அழைத்தோம். அவர் ஒரே ஒரு வரியைத் தட்டினார்: "100" > "85". கணிப்பொறி ‘பொய்’ என்றது. மேற்கோள் குறிகளை நீக்கி 100 > 85 என்று தட்டினார். ‘உண்மை’ என்றது.

விஷயம் இதுதான். விசைப்பலகையில் தட்டுவது எதுவாயினும் பைத்தான் அதை எழுத்தாகவே வாங்கிக்கொள்கிறது. 100 என்று நாம் தட்டினால், அதற்கு அது நூறு அல்ல. ஒன்று, பூச்சியம், பூச்சியம் என்னும் மூன்று எழுத்துகள் சேர்ந்த ஒரு சொல். சொற்களை அது அகராதி முறையில் ஒப்பிடுகிறது. முதல் எழுத்தோடு முதல் எழுத்து. கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ‘1’ என்னும் எழுத்துக்கு 49. ‘8’ என்னும் எழுத்துக்கு 56. முதல் எழுத்திலேயே தீர்ப்பு ஆகிவிட்டது. பின்னால் எத்தனை பூச்சியம் வந்தாலும் அது பார்ப்பதில்லை. வாங்கிய எழுத்தை ‘இன்ட்’ என்னும் கட்டளையால் முழு எண்ணாக மாற்றியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லை நாம் எழுதவில்லை. எழுத்தையும் எண்ணையும் கலந்து, எது பெரிது என்று கேட்டிருந்தாலாவது பைத்தான் மறுத்துப் பிழை காட்டி நின்றிருக்கும். இரண்டும் எழுத்தாக இருந்தபடியால், கேட்ட கேள்விக்குச் சரியான பதிலையே சொல்லிற்று. கேள்விதான் நாம் நினைத்த கேள்வி அல்ல.

அப்படியானால் பத்துச் சோதனைகளில் ஏன் அகப்படவில்லை? 45, 62, 78 எல்லாம் இரண்டு இலக்க எண்கள். இலக்கங்கள் சமமாக இருக்கும் வரை எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகவே இருக்கும். மூன்று இலக்கமுள்ள மதிப்பெண் ஒன்றே ஒன்றுதான், அது 100. அதை நாம் ஒரு முறையேனும் கொடுத்துச் சோதிக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று நம் நெஞ்சைக் கேட்டால் வரும் பதில் நாணத்தக்கது. இங்கே பிறந்து, இங்கே வளர்ந்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழ் படிக்கும் குழந்தைக்குத் தமிழில் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்று நாம் எண்ணவே இல்லை. கட்டளையில் இருந்த பிழை ஒரு சொல்லில் தீர்ந்தது. நம் எண்ணத்தில் இருந்த பிழையைத் திருத்த அந்தச் சிறுமி வர வேண்டியிருந்தது.

இப்பாடம் கற்ற கண்ணோடு, சங்கத்து உறுப்பினர் பட்டியலையும் எடுத்துப் பார்த்தோம். அதுவும் அதே முறையில் வரிசைப்படுத்தியதுதான். கமலாவுக்கு முன்னே கனகா நிற்கிறாள்! தமிழ் நெடுங்கணக்கில் னகரம் மெய்களின் கடைசியில் வருவது. மகரத்துக்குப் பின்னேதான் அது நிற்க வேண்டும். ஆனால் யூனிக்கோடு முறையில் ‘ன’ என்பதன் எண் 2985. ‘ம’ என்பதன் எண் 2990. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி என்னும் பழைய அமைப்பைப் பின்பற்றியதால், னகரம் நகரத்தின் அருகிலும் றகரம் ரகரத்தின் அருகிலும் போய் அமர்ந்துவிட்டன.

இதற்கு மருந்தாகப் பட்டியலே உதவிற்று. க, ங, ச, ஞ என்று தொடங்கிப் பதினெட்டு மெய்களின் வரிசையை நெடுங்கணக்கின்படி ஒரு பட்டியலாக எழுதினோம். அதில் மகரம் 9-ஆம் அறையில் இருக்கிறது. னகரம் 17-ஆம் அறையில் இருக்கிறது. எழுத்தின் யூனிக்கோடு எண்ணை விட்டுவிட்டு, இந்தப் பட்டியலில் அதன் இடத்தை ஒப்பிடுமாறு சொன்னோம். கிரந்த எழுத்துகளைக் கடைசியில் சேர்த்தோம். புள்ளி பெற்ற மெய்க்குத் தனி ஏற்பாடு செய்தோம். இப்போது கமலா முன்னே, கனகா பின்னே. எதை எதனோடு எந்த அளவுகோலால் ஒப்பிட வேண்டும் என்பதை நாம் சொன்னால், கணிப்பொறி பிசகாமல் செய்கிறது. சொல்லாவிட்டால் தன்னிடமுள்ள அளவுகோலை எடுத்துக்கொள்கிறது.

மறு மாதக் கூட்டத்தில், அதே மேடையில் நின்று, நம் பிழை இன்னது என்று சபையாருக்குச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். முன்பு பரிசு பெற்ற மூவரிடமிருந்தும் எதையும் திரும்பப் பெறவில்லை. அவர்கள்மீது குற்றம் இல்லை. முதல் பரிசுக்குரிய புத்தகங்களை நம் செலவில் வாங்கிச் சிறுமிக்கு அளித்தோம். அவள் அந்தப் பாடலை மீண்டும் ஒருமுறை ஒப்புவித்தாள். றகரமும் ழகரமும் அவள் நாவில் தத்தம் இடத்தில் நின்றன. நடுவர்கள் ஏன் ஒரு மதிப்பெண்ணும் குறைக்கவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று.

கட்டளை எழுதப் பழகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் உள்ள எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்து நிறைவு கொள்ளாதீர்கள். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும், இருவருக்கு ஒரே மதிப்பெண் வரும் நிலையையும் கொடுத்துப் பாருங்கள். பட்டியலின் பூச்சியமாம் அறையையும் கடைசி அறையையும் மறவாமல் பாருங்கள். வரிசைப்படுத்திய பின் மேல் மூன்றை மட்டும் பார்க்காமல், அடியில் நிற்பவர் யார் என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அந்தக் கட்டளையைத் திருத்தி வைத்திருக்கிறோம். அதில் நாம் கொடுக்கும் முதல் சோதனை மதிப்பெண் 100.