காணாத பூம்புகார்

மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் ஊர் எம்முடையது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிற் சிலப்பதிகாரம் கற்பித்து வருகிறோம். காவிரி கடல் புகும் பூம்புகாரை வருணிக்கும்போதெல்லாம் எம் கண்முன் நிற்பது வெருகல் முகத்துவாரமே.

"ஐயா, பூம்புகாரைக் கண்டிருக்கிறீர்களா?" என்று சென்ற மாதம் ஒரு மாணவி வினவினாள். நாணினோம். தமிழகத்தை ஒருமுறையேனும் காணவேண்டுமென்பது எமது நெடுநாட் கனவு. இளமையில் அக்கப்பல்வழியைப் போர் அடைத்தது. பின்னர் குடும்பச் செலவு தடுத்தது.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் கனவு மீண்டும் துளிர்த்தது. இப்பொழுது கடவுச்சீட்டும் பெற்றுவிட்டோம்.

"கடல்கொண்ட நகரில் எதைக் காணப் போகிறீர்கள்?" என்று நகைக்கிறாள் எம் மனைவி. காவிரி கடலிற் கலப்பதைக் கண்டு மீண்டாற் போதும். அடுத்த ஆண்டு அப்பாடத்தைக் கூசாமல் நடத்துவோம்.