கப்பலினின்று கானகத்திற்கு

உல்லாசக் கப்பலிற் பிரயாணம் செய்வோர், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தினும், அடுத்த துறைமுகத்தில் இறங்கி யாது செய்வது என்று தர்க்கித்துக்கொண்டிருக்கும் நேரமே அதிகம் என்று சொன்னால், அத்தகைய கப்பலில் ஏறியறியாத நேயர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். துறைமுகத்திற் கப்பல் நிற்பது ஏறக்குறைய எட்டு மணி நேரம். அதற்குள் சென்று மீளத்தக்க கரைச் சுற்றுலாக்கள் பலவற்றைக் கப்பற் காரியாலயத்தார் அச்சிட்டுக் கையிற் கொடுத்துவிடுகின்றனர். ஒவ்வொன்றற்கும் ஒரு படம். படத்தின் கீழ் ஒரு கட்டணம். படத்தில் உள்ள மனிதர் யாவரும் சிரித்துக்கொண்டிருப்பர். விலங்கும் சிரிப்பது போலவே தோன்றும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் என் மகளும் மருமகனும், 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தங்கள் மக்கள் இருவரோடும் என்னையும் என் தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு, பிளாரிடாவினின்று கரிபியன் கடலிற் செல்லும் கப்பல் ஒன்றில் ஏறினர். பனாமாக் கால்வாயின் மடைகளில் ஏறிக் காடூன் ஏரியைக் கண்டு திரும்பி, கொலோன் துறையையும், கோஸ்டா ரிக்கா நாட்டு லிமோன் துறையையும், கிராண்ட் கேமன் தீவையும் தொட்டு மீள்வது அக்கப்பலின் வழி. என் தமக்கையாருக்கு வயது 76. முழங்கால் வலி உண்டு. பேரனுக்கு 9, பேத்திக்கு 5. வனவிலங்குகளைக் காண வேண்டும் என்பதில் அறுவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் ஆளொன்றுக்கு இவ்வளவு என்று டாலரில் வாங்கும் இடத்தில் ஆறு பேர் என்பது சிறு தொகையன்று. ஆதலின் வழி முழுவதற்கும் ஒரே சுற்றுலா என்று தீர்மானமாயிற்று. அவ்வொன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு, நமது கல்லூரியில் விலங்கியலைப் பாடமாகக் கொண்டு பயின்றவன் என்னும் ஒரே காரணம் பற்றி, என் தலையில் விழுந்தது.

மருமகன் விரும்பியது கேமன் தீவின் திருக்கைகளை. பேரன் விரும்பியது காடூன் ஏரியின் குரங்குகளை. பேத்தியோ, மரத்திற் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்னும் சோம்பல் விலங்கைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாயிருந்தாள். உட்கார இடமும், கூப்பிடு தூரத்திற் கழிப்பறையும் இருந்தாற் போதும் என்றார் தமக்கையார். எல்லாருடைய விருப்பத்திலும் தமக்கையாருடையதே விவேகமுள்ளது என்று எனக்கு அப்பொழுதே தோன்றியது.

குரங்கைப் பற்றி அதிகம் ஆராய வேண்டியிருக்கவில்லை. காடூன் ஏரி இயற்கையில் உண்டானதன்று. சாக்ரெஸ் நதிக்குக் குறுக்கே அணையிட்டு, 1913-ஆம் ஆண்டில் நீர் நிரம்பியபோது, குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக மிஞ்சின. அவற்றுட் பெரிதாகிய பார்ரோ கொலராடோவை 1923-ஆம் ஆண்டு முதல் விலங்கு நூலாராய்ச்சிக்கென்று காத்து வருகின்றனர். சுற்றுலாப் படகுகள் செல்வது வேறு சிறு தீவுகளுக்கு. படகோட்டி பழத்தைக் காட்ட, குரங்கு கிளையினின்று படகிற் குதிப்பதே அங்கே காட்சியென்று விளம்பரப் படம் தெளிவாய்க் காட்டிற்று. “இதற்காக ஏழு கடல் தாண்டுவானேன்? அழகர்மலையிற் போய்த் தேங்காய் மூடியைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றாற் போதாதா?” என்று தமக்கையார் கேட்டார். பேரனுக்கு அழகர்மலையைப் பற்றி விளக்கம் சொல்லவே அன்று மாலை சரியாய்ப் போயிற்று.

திருக்கையின் விஷயம் அவ்வளவு எளிதாய்த் தீரவில்லை. கேமன் தீவின் வடபுறத்தில், பவளப்பாறையின் உள்ளே அலையடங்கிய ஓர் ஆழமற்ற கடற்பரப்பு உண்டு. கடலினின்று மீளும் செம்படவர் அங்கே நின்று மீனைக் கழுவி, குடலையும் செதிளையும் நீரில் எறிவது வழக்கம். அதைத் தின்னத் திருக்கைகள் கூடின. 1980-க்குப் பின் நீர்மூழ்கிப் பழகியோர் அவற்றிற்குக் கையாலேயே இரை ஊட்டத் தொடங்கினர். இப்பொழுது பிரயாணிகள் இடுப்பளவு நீரில் மணல்மேட்டின் மீது நிற்க, அவை பட்டுத் துணிபோல் மேலே உராய்ந்து செல்கின்றன. அவற்றை அடைத்து வைக்கும் வேலியில்லை. நீரைவிட்டு வெளியே தூக்குவதையும் அத்தீவின் சட்டம் தடுத்திருக்கிறது. இவ்வளவும் மருமகன் தம் கட்சிக்குச் சாதகமாய் எடுத்துச் சொன்னார், யாவும் உண்மையே. ஆயினும் 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி எனக்கு நினைவிருந்தது. இயல்பாய் வாழும் திருக்கை இரவில் தனியே திரிந்து இரை தேடுவது. இம்மணல்மேட்டுத் திருக்கைகளோ பகலில் விழித்து, கூட்டமாய் நெருங்கி, படகு வரும் நேரத்திற்குத் தம் வாழ்நாளையே மாற்றியமைத்துக்கொண்டுவிட்டன என்று அவ்வாராய்ச்சி கண்டது. இதைச் சொன்னபோது மருமகன், “நாமும் காரியாலய நேரத்திற்கு அப்படித்தானே மாறியிருக்கிறோம், மாமா” என்றார். அதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று.

வாதத்தை முடித்து வைத்தவள் என் மகள். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கடலில், ஸ்டீவ் இர்வின் என்னும் பிரசித்தி பெற்றவர், திருக்கையின் முள் மார்பிற் பாய்ந்து மாண்ட செய்தியை அவள் மறக்கவில்லை. அத்தகைய மரணம் மிக அபூர்வம். காலைத் தூக்கி வைக்காமல் மணலிற் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகும். எனினும், பெரியவர்க்கு இடுப்பளவாகிய நீர் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்தளவு என்று அவள் சொன்னதற்கு எவரிடமும் விடையில்லை.

நிற்க. எஞ்சியது சோம்பல் விலங்கு. இதைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல நேயர்கள் அனுமதிப்பாராக. கோஸ்டா ரிக்காவில் இவ்விலங்கு இரு வகை. முன்கையில் இரண்டு நகமுடையது ஒன்று, மூன்று நகமுடையது மற்றொன்று. இலையே உணவு; உண்டது செரிக்கப் பல நாள் செல்லும். மூன்று நக விலங்கு ஏறக்குறைய வாரத்திற்கு ஒரு முறையே, அதுவும் மலங்கழிப்பதற்காக, மரத்தைவிட்டு இறங்குகிறது. மயிரிற் பாசி படர்ந்து, உடல் பசுமை தோன்றும். ஒட்டைச்சிவிங்கிக்கும் மனிதனுக்கும் கழுத்தெலும்பு ஏழே. மூன்று நக விலங்கிற்கோ எட்டு அல்லது ஒன்பது. ஆதலால் உடலை அசையாமலே தலையை வெகு தூரம் திருப்பவல்லது. நம் நாட்டுக் கரடிக்கும் இதற்கும் ஒரு வேடிக்கையான சம்பந்தம் உண்டு. 1791-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலப் புலவர், நம் கரடியின் நீண்ட நகங்களைக் கண்டு, அதனைச் சோம்பல் விலங்கின் இனத்திற் சேர்த்துப் பெயரிட்டுவிட்டார். பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. ஆங்கிலப் பெயரில் மட்டும் அத்தழும்பு இன்றுமிருக்கிறது.

பேத்தியின் ஆசைக்கு வித்திட்டது ஒரு படம். உணவுச் சாலையில் எங்கள் பக்கத்து மேசையில் இருந்த குடும்பத்தார், முன்னொரு பிரயாணத்தில் ஹொண்டூராஸ் நாட்டு ரோவாட்டான் தீவில் இறங்கியபோது, தங்கள் பெண் குழந்தை அவ்விலங்கை மார்போடு அணைத்து நிற்கும் படத்தைக் கைப்பேசியிற் காட்டினர். கோஸ்டா ரிக்காவில் அதற்கு இடமில்லை. வனவிலங்குகளைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க வேண்டா என்று அந்நாட்டு அரசாங்கத்தார் 2019-ஆம் ஆண்டில் பிரசாரமே தொடங்கினர். ஆனால் சட்டத்தைக் காட்டிக் குழந்தையின் வாயை மூடுவது எனக்கு உவப்பாயில்லை. “அது சிரிக்கிறதே, தாத்தா. அதற்குப் பிடித்திருக்கிறதுதானே?” என்று அவள் கேட்டாள். வாயின் அமைப்பே அப்படி, அழுதாலும் அது சிரிப்பதுபோலத்தான் இருக்கும் என்றேன். அவள் நெடுநேரம் சும்மா இருந்தாள். பிறகு, “பயந்தால் ஓடிப்போகாதா?” என்றாள். ஓட அதனால் இயலாது, ஆகையால் பயந்தாலும் அசையாமல் இருக்கும் என்றேன். மறுபடியும் மௌனம். “அப்படியானால் அதற்குப் பிடித்திருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்பது அவளது மூன்றாவது கேள்வி. என் விலங்கியற் பட்டத்தில் அதற்கு விடை இல்லை. தெரியாது, அதனால்தான் தூர நின்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன் என்றேன். அவள் சம்மதித்தாள் என்று சொல்லமாட்டேன், அழவில்லை.

மறுநாட் காலை பதிவு மேசைக்குச் சென்றேன். லிமோனில் விலங்கு காணும் சுற்றுலாக்கள் மூன்று எஞ்சியிருந்தன. மரங்களின் மேலே கம்பியில் ஊர்ந்து செல்லும் தொட்டிலில் ஏறுவது ஒன்று. அதற்குப் பேருந்தில் நெடுநேரம் மலைவழிச் செல்ல வேண்டும், பேத்திக்குப் பேருந்திற் குமட்டும். காயமுற்ற விலங்குகளைப் பேணும் காப்பகம் ஒன்று. நல்லதே, ஆயினும் நின்றுகொண்டே பார்க்கும் இடம் அதிகம் என்றதால் தமக்கையாருக்கு ஆகாது. மூன்றாவது, மொயீன் என்னும் அடுத்த துறையினின்று டோர்ட்டுகேரோக் கால்வாயிற் படகிற் செல்வது. கடலோர உப்பங்கழிகளை வெட்டி இணைத்த நீர்வழி அது. விளம்பரத்தில் ஆமையின் படம் பெரிதாய் இருந்தது. டோர்ட்டுகேரோ என்பது ஆமையைக் குறித்த பெயரே. ஆனால் பச்சை ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடுவது ஜூலை முதல் அக்டோபர் வரை. அன்றியும் 1975-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியப் பூங்கா வடக்கே வெகு தொலைவில் இருக்கிறது. கப்பற் பிரயாணிகளின் படகு அவ்வளவு தூரம் செல்வதில்லை. “ஜனவரியில் ஆமை வருமா, அம்மா?” என்று மேசையில் இருந்த பெண்மணியைக் கேட்டேன். அவர் சற்றே நகைத்து, வராது என்று ஒப்புக்கொண்டார். படகிற்கு மேற்கூரை உண்டா, ஏறப் படிகள் எத்தனை, சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற மிதவைச் சட்டை உண்டா, கழிப்பறை எங்கே, இரை போட்டு விலங்கை வரவழைப்பார்களா, திரும்பத் தாமதித்தாற் கப்பல் காத்திருக்குமா என்று நான் அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாய் விடை சொன்னார். கப்பலார் தாமே நடத்தும் சுற்றுலாவானாற் காத்திருப்பர். துறையில் நின்று கூவி அழைக்கும் தனி ஆளோடு போனாற் காத்திரார். விலங்கு தோன்றும் என்பதற்கு உறுதி உண்டா என்றேன். இல்லை என்றார். அவ்விடையே என்னைத் தீர்மானிக்கச் செய்தது. ஆறு பேருக்கும் பதிவு செய்துவிட்டேன்.

லிமோனில் மழை. படகுத் துறை வரை பேருந்திற் சிறிது தூரமே. எங்கள் வழிகாட்டி, இருப்புப்பாதை போட வந்த ஜமைக்கர்களின் வழித்தோன்றல். சான் ஹோசே நகரையும் லிமோனையும் இணைத்த அப்பாதை 1890-ஆம் ஆண்டில் முடிந்தது. பாடுவதுபோல் ஆங்கிலம் பேசினார். அவர் கண் எப்படிப்பட்டதென்று சொல்லி முடியாது. எங்களுக்கு இலைக்குவியலாய்த் தோன்றியது அவருக்கு முதலை இனத்துக் கெய்மன். எங்களுக்கு முறிந்த கிளை அவருக்குப் பச்சோணான். அவ்வோணான்களுள் பாசிலிஸ்க் என்பது கரையினின்று பாய்ந்து பின்கால்களால் நீரின் மேலேயே ஓடிற்று. இயேசு கிறிஸ்துப் பல்லி என்று அதற்கு ஒரு பெயருண்டு. காரணத்தை நமது கல்லூரியிற் பயின்றோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஊளைக்குரங்குகளை நாங்கள் காணவேயில்லை. மழைக்குப் பின்னால் எங்கேயோ அவை முழங்கியதை மட்டும் கேட்டோம். பேரன் அதைக் கண்டதாகவே கணக்கிட்டுக்கொண்டான்.

தமக்கையார் அதுவரை குடையை மடியில் வைத்துக்கொண்டு வாளாவிருந்தார். திடீரென்று கையை நீட்டி, “இது நம் கண்மாய்ப் பாம்புத்தாரா அல்லவா?” என்றார். பாம்புபோற் கழுத்தை நீட்டி, சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது பறவை. வழிகாட்டி அன்ஹிங்கா என்றார். நம் பாம்புத்தாராவும் அதே இனத்தின் மற்றொரு வகையே. அன்று முழுவதும் தமக்கையாருக்கு அத்தேசம் அந்நியமாய்த் தோன்றவில்லை.

சோம்பல் விலங்கு கடைசியிற் கிடைத்தது. செக்ரோப்பியா மரத்தின் கவட்டில், நனைந்த சாக்கு மூட்டைபோல் ஒன்று இருந்தது. படகை நிறுத்தினர். பேத்தி, “அவ்வளவுதானா?” என்றாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் நிகழவில்லை. மற்றப் பிரயாணிகளில் இருவர் பொறுமையிழந்து கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினர். பின்பு மூட்டையினின்று ஒரு கை புறப்பட்டது. மெல்ல, மிக மெல்லப் போய் மேற்கிளையைப் பற்றிற்று. அடுத்து, உடல் அசையாமலே தலை மட்டும் எங்கள் பக்கம் திரும்பிற்று. பேத்தி தன் கையையும் அதே வேகத்தில் உயர்த்திப் பார்த்தாள். கப்பலுக்குத் திரும்பும் வரை வழியெல்லாம் அப்படியே செய்துகொண்டு வந்தாள். அன்றிரவு சோறுண்ண அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்ததற்கு என் மகள் என்னையே குற்றஞ் சாட்டினாள்.

கேமன் தீவில் நாங்கள் கட்டணம் ஏதும் செலுத்தவில்லை. மருமகன் பேரனை மட்டும் அழைத்துக்கொண்டு, முகமூடி அணிந்து, ஜார்ஜ் டவுனுக்கு அணித்தான கரையோர நீரிலேயே சிறிது நேரம் நீந்தினார். நாங்கள் நால்வரும் மர நிழலில் இருந்தோம். அத்தீவெங்கும் திரியும் நாட்டுக் கோழிகளுள் ஒன்று எங்கள் காலடியிற் கிளறிக்கொண்டிருந்தது. இருவரும் ஈரத்தோடு ஓடி வந்தனர். அடியில் மணலைப் போர்த்துக்கொண்டு ஒரு திருக்கை உறங்கிற்றாம். கண் இரண்டு மாத்திரம் வெளியே தெரிந்தனவாம். கிட்டப் போனதும் மணலை உதறி எழுந்து ஆழத்திற்குச் சென்றுவிட்டதாம். “அரை நிமிஷங்கூட இல்லை, மாமா” என்று மருமகன் குறைபட்டுக்கொண்டார். பேரன் அதனைத் தன் குறிப்புப் புத்தகத்தில் 24-ஆவதாக எழுதிக்கொண்டான்.