பெரியவர் நால்வர், பிள்ளைகள் இல்லை

கேளிக்கைப் பூங்கா என்றாலே அது பிள்ளைகளின் உலகம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துப் போவோம். அவர்கள் வளர்ந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் வரும்வரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். பிள்ளைகளே இல்லாதவர்கள்? அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள்தாம் நம்மிடையே அதிகம்.

சிங்கப்பூரின் கதை அப்படித் தொடங்கவில்லை. 1923ஆம் ஆண்டு ஜாலான் புசார் வட்டாரத்தில் ‘நியூ வோர்ல்ட்’ திறக்கப்பட்டது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம். 1931இல் கிம் செங் சாலையில் ‘கிரேட் வோர்ல்ட்’ வந்தது. பின்னர் கேலாங்கில் ‘ஹேப்பி வோர்ல்ட்’. இந்த மூன்று உலகங்களுக்கும் பொழுது சாய்ந்த பிறகு கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் வேலை முடித்து வந்த பெரியவர்கள். பங்சாவான் எனும் மலாய் மேடை நாடகம், குத்துச்சண்டை, நடன அரங்கு, சாப்பாட்டுக் கடை என எல்லாம் அங்கே உண்டு. துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த என் தாத்தா, சம்பள நாளன்று மல்யுத்தம் பார்க்கப் போன கதையைக் கண்கள் விரியச் சொல்வார். கிங் காங், தாரா சிங் என்ற பெயர்களை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். ‘நியூ வோர்ல்ட்’ 1987இல் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் நிற்பது சிட்டி ஸ்குவேர் மால். தீபாவளிக்குத் துணி வாங்கிவிட்டு அங்கே குளிர்சாதனக் காற்று வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய அப்படித்தான். வால்ட் டிஸ்னி தம் இரண்டு மகள்களை லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வாராம். மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. ஆக, அந்தப் பூங்காவின் விதை, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் சலிப்பு!

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். பிள்ளைகள் இல்லை. அதில் ஆறு ஆண்டுகள் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நடந்தோம். அந்த ஆறு ஆண்டுகளில் எந்தப் பயணத்தையும் நாங்கள் முன்கூட்டியே திட்டமிட்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே விமானச் சீட்டு வாங்கினால் மலிவு என்று கணவர் சொல்வார். ‘ஒருவேளை...’ என்று நான் இழுப்பேன். அதற்குமேல் அவரும் பேச மாட்டார். எங்கள் நாள்காட்டியில் எல்லா மாதங்களையும் அந்த ‘ஒருவேளை’ முன்பதிவு செய்து வைத்திருந்தது.

கேளிக்கைப் பூங்காக்களில் வேகமான சவாரிகளின் நுழைவாயிலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும். இதய நோய் உள்ளவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஏற வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். பல்கலைக்கழகத் தோழிகளுடன் செந்தோசாவுக்குப் போனபோதெல்லாம் ‘எனக்குத் தலை சுற்றும், நீங்கள் போங்கள்’ என்று சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்துகொள்வேன். மடியில் எல்லாருடைய பைகளும் இருக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் அம்மாவின் நினைவு வந்தது.

என் சிறுவயதில் கெந்திங் மலைக்குப் போவதுதான் எங்கள் குடும்பத்தின் பெரிய சுற்றுலா. கோல்டன் மைல் கட்டடத்தில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது பனிமூட்டத்தில் போய் இறங்குவோம். அங்கே இருந்த பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டு, 2022இல் ‘ஸ்கைவோர்ல்ட்ஸ்’ என்ற பெயரில் புதிய பூங்கா வந்துவிட்டது. நான் சொல்வது 1998. அப்பா, அண்ணன், சின்னம்மா, நான் எல்லாரும் ஒவ்வொரு சவாரியாக ஓடுவோம். அம்மா மட்டும் பெஞ்சில் இருப்பார். சுற்றிலும் கம்பளிச் சட்டைகள், குடைகள், தண்ணீர்ப் புட்டிகள், புளிச்சோற்றுப் பொட்டலங்கள். அந்தப் பயணத்தின் படங்களை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு படங்களில் அம்மா இருப்பது இரண்டில். இரண்டிலும் பைகளோடு. அப்போது அவருக்கு வயது 37. இந்தப் பயணத்தைத் திட்டமிட்டபோது என் வயதும் அதுதான்.

சிகிச்சையை நிறுத்துவது என்று நானும் கணவரும் சேர்ந்து முடிவெடுத்த பிறகு, நாள்காட்டி திடீரென்று காலியாகிவிட்டது. முதலில் அது பயமாக இருந்தது. பிறகு ஒருநாள் இரவு கணவரிடம் கேட்டேன், “எங்கேயாவது போலாமா? நல்லா விளையாடுற இடமா?” அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அத்தையையும் கூப்பிடு” என்றார். அம்மாவைக் கூப்பிட்டால் சின்னம்மா இல்லாமல் எப்படி? ஆக நால்வர் ஆனோம். அம்மாவுக்கு 64, சின்னம்மாவுக்கு 55, கணவருக்கு 40, எனக்கு 37. சராசரி வயது 49!

தோக்கியோ டிஸ்னிசீ என்று முடிவானது. அது 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி, 1983 முதல் இயங்கும் தோக்கியோ டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. கடலும் துறைமுகங்களும்தாம் அதன் கருப்பொருள். நடுவில் 51 மீட்டர் உயரத்துக்கு ஓர் எரிமலையைக் கட்டியிருக்கிறார்கள். வயிற்றைப் புரட்டும் சவாரிகள் உண்டு. நீராவிக் கப்பல், வெனிஸ் நகரப் படகு என்று நிதானமாகப் போவதும் உண்டு. உட்கார்ந்து சாப்பிட நல்ல உணவகங்களும் மதுவும் தொடக்கத்திலிருந்தே உண்டு. பெரியவர்களை மனத்தில் வைத்தும் கட்டிய பூங்கா என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? சின்னம்மாவின் முதல் கேள்வி, “சோறு கிடைக்குமா?” அரபுக் கடற்கரை என்ற பகுதியில் கறி விற்கும் உணவு நிலையம் இருக்கிறது என்றதும் அவர் சம்மதித்துவிட்டார்.

அடுத்தது தேதி. இங்கேதான் எனக்கு ஒரு செய்தி தெரிந்தது. சின்னம்மா தாதி. திருமணம் செய்துகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளாக ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் அவர் விடுப்பு எடுத்ததே இல்லையாம். “புள்ளைங்க உள்ளவங்க எடுக்கட்டும்னு விட்டுடுவேன்” என்றார், சாதாரணமாக. யாரும் அவரிடம் கேட்டதுமில்லை, அவர் அதைக் குறையாகச் சொன்னதுமில்லை. ஆனால் பிள்ளைகள் இல்லாதவர்களின் நேரம் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கக்கூடியது என்று நாம் எல்லாரும் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறோம்! அந்த இரவு அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, இந்த முறை அதையே நம் பலமாக்குவோம் என்று நினைத்தேன். பள்ளி விடுமுறையில் போக வேண்டிய கட்டாயம் நமக்கில்லையே! ஜப்பானியப் பள்ளிகள் புத்தாண்டு விடுமுறை முடிந்து திறந்திருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளும் திறந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருக்க வேண்டும். ஜனவரி 29ஆம் தேதி சீனப் புத்தாண்டு. அதற்கு முன்பே திரும்பினால்தான் விமானக் கட்டணம் கையைக் கடிக்காது. இப்படி வடிகட்டி வடிகட்டி, 2025 ஜனவரி மூன்றாம் வாரத்தின் வார நாள்களில் வந்து நின்றோம். டிஸ்னிசீயின் நுழைவுச்சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும். கூட்டம் குறைந்த நாளுக்கு விலையும் குறைவு. குளிர்காலத்தில் சில சவாரிகளைப் பராமரிப்புக்காக மூடுவார்கள். அந்தப் பட்டியலை முன்பே பார்த்துக்கொண்டோம்.

பெரியவர்களோடு போவது பிள்ளைகளோடு போவதைவிட எளிது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் விருப்பம் வெளிப்படையானது. பெரியவர்களோ ‘எனக்கு எதுவானாலும் சரி’ என்பார்கள். அதை நம்பித் திட்டம் போட்டால் கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒன்றைத்தான் எல்லாரும் செய்துகொண்டிருப்போம். அதனால் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ‘கட்டாயம் வேண்டும்’, ‘பார்க்கலாம்’, ‘வேண்டவே வேண்டாம்’ என்று மூன்று பத்திகள். ஒவ்வொருவரும் ‘கட்டாயம்’ என்று ஒன்றையாவது எழுத வேண்டும். அம்மாவின் தாள் மூன்று நாள் வெற்றாகவே கிடந்தது.

அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு என்பதால் முதலில் மருத்துவரைப் பார்த்தோம். வேகமான சவாரிகள் வேண்டாம், மற்றவற்றில் ஏறலாம் என்றார். நால்வரும் நாள் முழுதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து குறித்த நேரத்தில் துறைமுகத்தருகே சந்திக்கலாம் என்று முடிவு செய்தோம். நடுப்பகலில் ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் இரண்டு நாள்.

புறப்படுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, செந்தோசாவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோசில் ஒத்திகை பார்த்தோம். எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, வெயில் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிய வேண்டுமே! ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ ரோலர் கோஸ்டரில் கையில் எதையும் வைத்திருக்க விட மாட்டார்கள். உடைமைகளைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சின்னம்மா ஏறத் தயாராக நின்றார். அம்மாவின் கை தானாகவே நீண்டது.

“பையைக் குடு. நான் வச்சிருக்கேன், நீங்க போங்க.”

சின்னம்மா கொடுக்கவில்லை. “அக்கா, அதுக்குத்தான் பெட்டி இருக்கு. உன் பையையும் இதுல போடு” என்று சொல்லி, அம்மாவின் தோளிலிருந்த பையைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா சிறிது நேரம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அன்று பிற்பகல் அம்மாவும் நானும் ‘செசமி ஸ்திரீட்’ சவாரிக்குப் போனோம். இருட்டுக்குள் மெதுவாகத் தொங்கியபடி நகரும் வண்டி. முன்னாலும் பின்னாலும் சின்னஞ்சிறு பிள்ளைகள். எங்களை யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. இறங்கியதும் அம்மா கேட்டார், “இன்னொரு தடவ போலாமா?” போனோம். பிறகு அவரைக் கணவருடன் ஐஸ்கிரீம் கடையில் விட்டுவிட்டு நானும் சின்னம்மாவும் ‘மம்மி’ சவாரிக்கு நடந்தோம். வாசலில் அதே எச்சரிக்கைப் பலகை. கடைசி வரிவரை படித்தேன். படித்துவிட்டு உள்ளே நடந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இருட்டில் வண்டி பின்னோக்கிப் பாய்ந்தபோது நான் கத்திய கத்தல் இருக்கிறதே, அதில் ஆறு ஆண்டுகள் வெளியே போயின!

வீடு திரும்பிய இரவு அம்மா தாளை நிரப்பிக் கொடுத்தார். ‘கட்டாயம்: படகு.’

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு, “புள்ள குட்டி இல்லாம அங்க போயி என்னம்மா செய்யப் போறீங்க?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் அம்மா முறுக்குத் தட்டை அவர்முன் நகர்த்திவிட்டுச் சொன்னார், “விளையாடப் போறோம்.”

நவம்பரில் இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கினேன். எத்தனை பேர் என்று கேட்கும் கட்டங்கள் வந்தன. பெரியவர் 4. பிள்ளைகள் 0. அந்தச் சுழியைக் கண்டு கணினி ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிட்டது.

இந்த ஆண்டிதழைப் படிக்கும் இளையர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் உரயாசு நகரத்தில், பருவமடைந்த இளையர்களை வாழ்த்தும் விழாவை 2002 முதல் தோக்கியோ டிஸ்னிலேண்டில் நடத்துகிறார்கள். இருபது வயதினர் பட்டுக் கிமோனோ அணிந்து வந்து, மிக்கி எலியின் முன்னிலையில் பெரியவர்கள் ஆனதைக் கொண்டாடுகிறார்கள்! பெரியவர் ஆவதும் விளையாடுவதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்று அந்த ஊர் புரிந்துவைத்திருக்கிறது. உங்களில் பலருக்கு அதே வயது. படிப்பு, வேலை, வீடு, திருமணம், பிள்ளை என்று வரிசையாகக் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மகிழ்ச்சி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த வரிசையில் சிலருக்குச் சில கதவுகள் திறப்பதில்லை. வாழ்க்கை அதற்காக வாசலில் நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை.

போய் வந்த கதையை எழுத இந்தப் பக்கங்கள் போதா. அம்மா படகில் ஏறினார், சின்னம்மா இரண்டு தட்டுக் கறி சாப்பிட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது, உங்கள் வீட்டுப் பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பையோடு நிற்பவர் யார் என்று தெரியும். சீட்டு வாங்கும்போது அவரையும் பெரியவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.